தெரியாத ஆள்

செங்கல்பட்டு
18.06.2024

திருமதி ரெபேக்காள் அவர்களுக்கு,

வணக்கம். நேற்றிலிருந்து உங்கள் எண்ணுக்குப் பதினோரு முறை அழைத்துவிட்டேன். என் எண்ணைத் தடுத்து வைத்திருக்கிறீர்கள் என்று புரிகிறது. கோவளத்துக்கு நேரில் வர எனக்குத் தைரியம் இல்லை. அதனால் தபாலில் எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை நடந்ததை உங்களுக்கு யாரும் முழுதாகச் சொல்லியிருக்க மாட்டார்கள். நான் வரிசையாகச் சொல்கிறேன்.

ஜெபா எங்கள் மையத்துக்கு வர ஆரம்பித்து ஐந்து மாதம் ஆகிறது. வில்லியம்ஸ் சிண்ட்ரோம் உள்ள பிள்ளைகளுக்கு உலகத்தில் தெரியாத ஆள் என்று யாரும் கிடையாது. ஒன்பது வயதிலும் ஜெபா முன்பின் பார்க்காதவர் மடியில் போய் உட்காருவாள். வளர்ப்பில் குறை இல்லை, ஏழாவது குரோமோசோமில் ஒரு துணுக்கு இல்லாமல் பிறந்திருக்கிறாள் என்று முதல் நாளே பேசினோம். அன்று நீங்கள் என்னிடம் கேட்டது ஒன்றுதான். "கண்டவன் கூப்ட்டா போவாம இருக்கக் கத்துக் குடுங்க டீச்சர். படிப்புகூட அப்புறம் வரட்டும்."

அதைத்தான் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். தெரியாதவர் கூப்பிட்டால் 'வேணாம்' என்று சொல்ல வேண்டும். விலகி நடக்க வேண்டும். அம்மாவிடமோ அப்பாவிடமோ வந்து சொல்ல வேண்டும். வகுப்பறையில் பத்துக்குப் பத்து செய்தாள். ஆனால் வகுப்பறையில் செய்கிற பிள்ளை தெருவில் செய்யும் என்று சொல்ல முடியாது. அதனால் வெளியிடத்தில் ஒருமுறை சோதித்துப் பார்ப்போம். பிள்ளைக்குத் தெரியாத ஒருவர் வந்து கூப்பிடுவார். பிள்ளை அவரோடு போனால் நாலைந்து அடியிலேயே நான் வந்து நிறுத்தி, அங்கேயே மறுபடி சொல்லிக் கொடுப்பேன்.

அன்று வந்தவர் பெயர் தீனதயாளன். திருப்போரூர்ப் பக்கம் பால் வேன் ஓட்டுகிறார். அவருடைய மகன் மோகன் எங்கள் மையத்தில் படிக்கிறான். அவனுக்கும் மரபணுக் கோளாறுதான், ஆனால் வேறு வகை. ஆட்களைக் கண்டால் காதைப் பொத்திக்கொண்டு சுவரோரம் ஒதுங்குவான். ஒருவர் பிள்ளைக்கு இன்னொரு பெற்றோர் 'தெரியாத ஆள்' ஆகி நிற்பது எங்கள் மையத்தில் வழக்கம்.

ஒப்புதல் படிவத்தில் உங்கள் கணவர் கலைவாணன் கையெழுத்திட்டார். "வூட்ல சொல்லிட்டேன்" என்றார். ஜெபாவை பஸ் நிறுத்தத்துக்கு அவர்தான் அழைத்து வந்தார். ஆராதனை முடிந்து நீங்கள் வர மணி பன்னிரண்டரை ஆகும் என்றும் சொன்னார். நான் உங்களிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. அது என் தவறு.

தீனதயாளன் ஜெபாவிடம் வந்து, "பாப்பா, வேன்ல நாய்க்குட்டி கீது, பாக்கறியா?" என்றார். ஜெபா சிரித்துக்கொண்டே "வேணாம்" என்றாள். சொல்லிவிட்டு அவர் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். நான் எழுந்தேன். அதற்குள் உங்கள் குரல் கேட்டது.

பிறகு நடந்தது உங்களுக்கே தெரியும். "அவர் எங்க ஆளு" என்று நான் கத்தியது யார் காதிலும் விழவில்லை.

அவர் இப்போது ஆஸ்பத்திரியில் இருக்கிறார். இடது மணிக்கட்டிலும் இரண்டு விலா எலும்பிலும் முறிவு. வலது கண் இன்னும் திறக்கவில்லை. யாரோ எடுத்த வீடியோ 'பிள்ளை பிடிக்கிறவன் சிக்கினான்' என்று எல்லாருடைய போனிலும் சுற்றுகிறது. அவர் கடத்த வந்தவர் இல்லை என்று நீங்கள் ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்தால் அவருக்கு அது போதும். தாய் சொன்னால் நம்புவார்கள்.

மன்னிப்புக் கேட்கிறேன்.

துர்காதேவி


கோவளம்
27.06.2024

துர்காதேவி டீச்சருக்கு,

லெட்டர் வந்துச்சி. எனக்கு இப்டி எழுதிப் பழக்கம் இல்ல, பேசற மாதிரியே எழுதறேன். போன் பண்ணாதீங்க. சிறுசேரில ஒரு ஆபீஸ்ல நான் ஹவுஸ்கீப்பிங் சூப்பர்வைசர். என் கீழ பதினாலு பொம்பளைங்க கீறாங்க. கத்தாம வேலை வாங்க எனக்குத் தெரியும். ஆனா உங்க கொரல் கேட்டா கத்திடுவேன்.

அன்னிக்கி பாஸ்டருக்கு ஜுரம், ஆராதனை சீக்கிரம் முடிஞ்சிச்சி. பழம் வாங்கிகினு வந்துகினு இருந்தேன். என் புள்ள ஒரு ஆம்பள கையப் புடிச்சிகினு சிரிச்சிகினே போவுது. ஒன்பது வருசமா எத்த நெனச்சி நெனச்சி நான் தூங்காம இருந்தேனோ, அது என் கண்ணு முன்னாடி நடந்து போச்சி டீச்சர். அத்த நீங்க ஏற்பாடு பண்ணி வெச்சிருந்தீங்க. படிவம் போட்டு.

வூட்ல சொல்லிட்டேன்னு அவர் சொன்னாராம், நீங்க நம்பிட்டீங்களாம். பெத்தவ நான் ஒருத்தி கீறனே, என் நம்பர் உங்க பைல்ல மொதப் பக்கத்துல கீதே.

ஜெபா ரெண்டு நாள் சோறு துண்ணல. மிக்சி போட்டாலே அவளுக்கு ஆவாது, காதப் பொத்திக்குவா. அவ்ளோ சத்தத்துக்கு நடுவுல அன்னிக்கி நின்னா. ஒரு ஆள அடிக்கறத மூணடி தூரத்துல நின்னு பாத்தா. இப்ப காலைல எழுந்ததும் இன்னா கேக்கறா தெரியுமா? "மம்மி, நாய்க்குட்டி மாமாவுக்கு வலிக்குதா? நான் போய் தடவிக் குடுக்கட்டா?" இதான் உங்க பயிற்சி.

ஸ்டேஷன்ல எழுதிக் குடுக்கச் சொல்றீங்க. அன்னிக்கி ஓடி வந்தவங்கள்ல முன்னாடி நின்னது எங்க அண்ணன் ராஜேந்திரன். ஐஸ் கம்பெனில லோடு ஏத்தறவன். நான் கத்தனதக் கேட்டு, கையில இருந்தத அப்டியே போட்டுட்டு வந்தான். நான் எழுதிக் குடுத்தா நாளைக்கி கேஸ் அவன் மேல திரும்பும். கூப்ட்ட கொரலுக்கு வந்தவன நான் காட்டிக் குடுக்கணுமா? மாட்டேன்.

அந்த ஆள் நல்லவர்னு சொல்றீங்க. இருக்கட்டும். எனக்கு எப்டி தெரியும்?

ஜெபா இனிமே அங்க வரமாட்டா. அவ நோட்டும் தண்ணி பாட்டிலும் அங்கதான் கீது. வெச்சிக்கங்க.

ரெபேக்காள்


செங்கல்பட்டு
05.07.2024

திருமதி ரெபேக்காள் அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தில் ஒரு வரிக்குக்கூட என்னால் மறுப்பு எழுத முடியாது. இரண்டு பெற்றோரும் கையெழுத்திட வேண்டும் என்பதுதான் எங்கள் விதி. நீங்கள் வேலை முடிந்து வர ஏழு மணி ஆகும், ஒருவர் கையெழுத்துப் போதும் என்று நானே சுருக்கிக்கொண்டேன். சுற்றியிருக்கிற கடைக்காரர்களிடம் முன்கூட்டியே சொல்லி வைக்கவும் இல்லை. இதுவரை எங்கும் எதுவும் நடந்ததில்லை என்பதால் இனியும் நடக்காது என்று இருந்துவிட்டேன்.

தீனதயாளனைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. இருந்தாலும் சொல்கிறேன். புதன்கிழமை வீட்டுக்கு வந்துவிட்டார். கண் திறந்துவிட்டது. அடித்தவர்கள் மேல் புகார் கொடுக்கிறீர்களா என்று ஸ்டேஷனில் கேட்டார்களாம். வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார். ஏன் என்று நான் கேட்டேன். "அவங்க எடத்துல நான் இருந்தாலும் அடிச்சிருப்பேன் டீச்சர்" என்றார். அதைப் பெருந்தன்மையாகச் சொன்னதாக எனக்குத் தோன்றவில்லை. நடந்ததைச் சொல்வது போலத்தான் சொன்னார்.

அவர் தெருவில் நிலைமை வேறு. வீடியோவைப் பார்த்த பெண்கள் அவர் போனால் பிள்ளைகளை உள்ளே கூப்பிட்டுக்கொள்கிறார்கள். மோகன் அவர் பக்கத்திலேயே போவதில்லை. வழக்கமாக அவர்தான் அவனுக்குச் சட்டை மாட்டிவிடுவார். முகம் வீங்கி, கையில் மாவுக்கட்டோடு வந்தவரை அவன் அப்பா என்று ஏற்கவில்லை.

இது உங்களைக் கரைக்க எழுதியது அல்ல. தெரிந்திருக்க வேண்டும் என்று எழுதினேன்.

இன்னொன்று முக்கியம். ஜெபாவின் பயிற்சி பாதியில் நிற்கிறது. 'வேணாம்' என்று சொன்னால் கைதட்டுவார்கள் என்பது வரைக்கும்தான் அவளுக்குப் பதிந்திருக்கிறது. விலகி நடப்பது பதியவில்லை. அதனால் 'வேணாம்' சொல்லிவிட்டுக் கூடப் போவாள். இந்த நிலை பயிற்சியே இல்லாததைவிட மோசம், ஏனென்றால் பார்க்கிற நமக்கு அவள் கற்றுக்கொண்டுவிட்டாள் என்று தோன்றும். எங்களிடம் அனுப்ப வேண்டாம். சென்னையில் வேறு இரண்டு மையங்களின் முகவரி இத்துடன் வைத்திருக்கிறேன். நோட்டையும் பாட்டிலையும் தனிப் பார்சலில் அனுப்பிவிட்டேன்.

துர்காதேவி


கோவளம்
22.07.2024

டீச்சர்,

சனிக்கிழமை ஜெபா காணாம பூட்டா.

கெடச்சிட்டா, பதறாதீங்க. கெடச்சதுனாலதான் உக்காந்து எழுதறேன்.

பத்து மணிக்கு மாவு வாங்கறதுக்குப் போயி வரேன், கதவு தொறந்து கீது, புள்ள இல்ல. தர்கா, மீன் ஏலம் போடற எடம், பஸ் நிக்கற எடம், கரைல கவுத்து வெச்ச படகுங்களுக்குப் பின்னால, எல்லா எடமும் ஓடினோம். அண்ணன் படகுக்காரங்கள எல்லாம் இட்டுகினு தேடினான். ரெண்டு மணிக்கு என் போனுக்கு ஒரு புது நம்பர்லருந்து போன் வருது. ஒரு அம்மா பேசறாங்க. "ஜெபான்னு ஒரு பொண்ணு உங்க பொண்ணாம்மா? எங்க வேன்ல வந்திருக்கு."

அவங்க ஆம்பூர்லருந்து தர்காவுக்கு வந்த குடும்பம். ஒரே வேன்ல இருவத்தி ரெண்டு பேரு. இவ போய் ஏறி நடுவுல உக்காந்திருக்கா. முன்னாடி உக்காந்தவங்க பின்னாடி உள்ளவங்க புள்ளன்னு நெனச்சிருக்காங்க, பின்னாடி உள்ளவங்க முன்னாடி உள்ளவங்க புள்ளன்னு. மாமல்லபுரத்துல எறங்கி சோத்துக்கு எலை போடும்போதுதான் ஒரு எலை கொறையுதுன்னு கண்டுபுடிச்சிருக்காங்க. யார் வூட்டுப் பொண்ணுன்னு கேட்டா, என் போன் நம்பர பாட்டாப் பாடியிருக்கா. நீங்க கத்துக் குடுத்த பாட்டு.

நான் போய்ச் சேர்ந்தப்ப அவ கடற்கரைல அந்தக் குடும்பத்துப் பாட்டியம்மா ஒருத்தங்க மடில படுத்துகினு பிரியாணி துண்ணுகினு இருந்தா. "மம்மி, இவங்க எல்லாரும் என் பிரண்டு"ன்றா.

நல்லவங்களா இருந்தாங்க. அவ்ளோதான் டீச்சர். வரும்போது பஸ்ல ஜன்னல் பக்கம் உக்காந்து யோசிச்சிகினே வந்தேன். அந்த வேன்ல இருந்தவங்கள நான் அடிக்கல. கும்புட்டேன். அவங்களும் என் புள்ளயத் தெரியாம இட்டுகினு போனவங்கதான்.

உங்களுக்கு ரெண்டு விசயம் சொல்லணும்.

ஒண்ணு. வூட்டுக்காரரும் அன்னிக்கி எதிர் டீக்கடைலதான் நின்னாராம். இது டெஸ்ட்டுன்னு ஒரு வார்த்த அவர் சொல்லியிருந்தா நின்னிருக்கும். சொன்னா நம்மளயும் சேர்த்து அடிப்பாங்கன்னு பயந்துட்டேன்னு போன வாரம் சொன்னாரு. சொல்லிட்டு அழுதாரு. நான் நாலு நாள் பேசல.

ரெண்டாவது. அண்ணன் மொதல்ல வந்தான்னு எழுதனேன் இல்ல, வந்தது அவன்தான். ஆனா மொத அடி என்னோடது. கைப்பையால. உள்ள பைபிள் இருந்துச்சி. மூஞ்சிலயே அடிச்சேன். அவர் அப்பவே புள்ள கைய வுட்டுட்டாரு. "அம்மா, நான் வந்து"ன்னாரு. அதுக்கு மேல பேச நான் வுடல.

அந்த சென்னை அட்ரஸ் எல்லாம் எனக்கு தூரம். லீவு கெடைக்காது. வூட்லயே எப்டி செய்றதுன்னு எழுதி அனுப்புங்க. நேர்ல வரமாட்டேன்.

ரெபேக்காள்


செங்கல்பட்டு
29.07.2024

ரெபேக்காள்,

ஜெபா கிடைத்துவிட்டாள் என்ற வரியைப் படிக்கிற வரைக்கும் நின்றுகொண்டே இருந்தேன்.

வீட்டில் செய்ய வேண்டியதை எழுதுகிறேன். வாசலில் சாக்பீஸால் ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று வட்டம் போடுங்கள். நடு வட்டம் கட்டிப்பிடிக்கிறவர்களுக்கு. அதில் நீங்கள், கலைவாணன், உங்கள் அண்ணன் மட்டும். அடுத்தது கை கொடுக்கிறவர்களுக்கு. தெரிந்தவர்கள், டீச்சர், பாஸ்டர், கடைக்காரர்கள். வெளி வட்டம் வணக்கம் மட்டும் சொல்கிறவர்களுக்கு. மீதி உலகம் முழுக்க அதில்தான். ஒவ்வொருவர் போட்டோவாகக் காட்டி எந்த வட்டம் என்று கேளுங்கள். சரியாகச் சொன்னால் பாராட்டுங்கள். தப்பாகச் சொன்னால் திட்டாதீர்கள், சரியான வட்டத்தைக் காட்டிவிட்டு அடுத்த போட்டோவுக்குப் போய்விடுங்கள். ஒரு நாளைக்குப் பதினைந்து நிமிடம் போதும், ஆனால் ஒரு நாளும் விடக் கூடாது.

'வேணாம்' என்ற சொல்லுக்கு மட்டும் இனிமேல் கைதட்ட வேண்டாம். சொல்லி, திரும்பி, ஐந்தடி நடந்த பிறகு தட்டுங்கள். அங்கேதான் நான் பிழை செய்தேன்.

அவளுடைய அன்பைக் குறைக்கிறோமா என்று சில நாள் உங்களுக்குத் தோன்றும். எனக்கும் தோன்றும். பதினான்கு வருடமாக இந்த வேலை செய்கிறேன், இன்னும் தோன்றுகிறது. ஆம்பூர்க்காரர்கள் எல்லா சனிக்கிழமையும் வர மாட்டார்கள் என்பது மட்டும்தான் தெரியும்.

நீங்கள் சொன்னதற்குப் பதிலாக நானும் ஒன்று சொல்லிவிடுகிறேன். அன்றைய படிவத்தில் நான் எழுதியது, 'இடையூறு ஏற்பட்டதால் சோதனை நிறுத்தப்பட்டது.' ஒரு மனிதர் ரத்தம் வழிய ரோட்டில் உட்கார்ந்திருந்தார். அதை எழுத எங்கள் படிவத்தில் கட்டம் இல்லை. கட்டம் இல்லாததால் நானும் எழுதவில்லை.

தீனதயாளனைப் பால் வேன் வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். வீட்டு வாசல்களுக்குப் போகிற வேலை, வாடிக்கையாளர்கள் பயப்படுகிறார்கள் என்றார்களாம்.

துர்காதேவி


கோவளம்
02.09.2024

டீச்சர்,

வட்டம் போட்டு ஒரு மாசம் ஆச்சி. மழையில அழியுதுன்னு வூட்டுக்காரர் பெயின்ட்ல போட்டுட்டாரு. தெனம் நாஸ்தாவுக்கு முன்னாடி அவர்தான் உக்காந்து கேக்கறாரு. ஒரு நாளும் வுடல. நாங்க பேசிக்கறது கம்மிதான் இன்னும், ஆனா இத்த வுடல.

ஜெபாவுக்குப் புடிச்சிப் போச்சி. இப்ப யார் எதிர்ல வந்தாலும் நின்னு, வெரல் நீட்டி, அவங்க மூஞ்சிக்கே சொல்றா. பாஸ்டர் மனைவி கட்டிப்புடிக்க வந்தாங்க. "ஆன்ட்டி, நீங்க கை குடுக்கற வட்டம்"ன்னா. அவங்க மூஞ்சி சுண்டிப் போச்சி. மீன் விக்கற சந்திரம்மாதான் பாவம். பொறந்ததுலருந்து தூக்கி வளத்தவங்க, கன்னத்துல முத்தம் குடுக்காம கூடைய எறக்க மாட்டாங்க. அவங்களயும் கை குடுக்கற வட்டத்துல வெச்சிட்டா. "இன்னாடி, நான் யாரோவா பூட்டனா"ன்னு கண்ணத் தொடச்சிகினாங்க. நான் சந்திரம்மாவ உள்வட்டத்துக்கு மாத்திட்டேன். தப்புன்னா சொல்லுங்க, ஆனா மறுபடி மாத்த மாட்டேன்.

ஒருத்தர் கிட்ட வந்ததும் என் புள்ள ஒரு செகண்டு நிக்குது. கணக்கு போடுது. முன்னாடி அப்டி நிக்காது, பாஞ்சிடும். அத்தப் பாத்தா எனக்கு நிம்மதின்னும் சொல்ல முடியல.

போன மாசம் ஸ்டேஷனுக்குப் போனேன். எழுதிக் குடுத்தத அப்டியே கீழ எழுதறேன்.

"16.06.2024 அன்று கோவளம் பஸ் நிறுத்தத்தில் என் மகளின் கையைப் பிடித்துச் சென்ற தீனதயாளன் என்பவர் பிள்ளை கடத்த வந்தவர் அல்ல. என் மகளுக்கு நடக்கும் பயிற்சிக்காக, என் கணவரின் சம்மதத்தோடு வந்தவர். விவரம் தெரியாமல் நான் கூச்சல் போட்டேன். முதலில் அடித்ததும் நான்தான். நான் அடித்ததைப் பார்த்துத்தான் மற்றவர்கள் அடித்தார்கள்."

போறதுக்கு முன்னாடி அண்ணன் வூட்டுக்குப் போயி படிச்சிக் காட்டனேன். அவன் சொன்னான், "இன்னா ரெபேக்கா, நீ கூப்ட்ட, நான் வந்தேன். வந்தது தப்பா?"

"வந்தது தப்பில்ல அண்ணா. இன்னா ஏதுன்னு ஒரு வார்த்த கேக்கல நாம. நானும் கேக்கல, நீயும் கேக்கல."

"அந்த நேரத்துல எவன் கேப்பான்?"

"அதான். யாரும் கேக்கல."

அவன் தட்டத் தள்ளிட்டு எழுந்து போனான். அதுலருந்து பேச்சு இல்ல. தெருவுல பாத்தா ஜெபாவ மட்டும் தூக்கி வெச்சிக்குவான். அவன் உள்வட்டமாச்சே.

அந்த வாட்ஸ்அப் குரூப்லயும் என் கொரல்ல பேசி போட்டேன். நாலஞ்சு பேர் வீடியோவ அழிச்சாங்க. ஒருத்தன், டப்பு வாங்கிகினு பேசறியான்னு கேட்டான்.

ரெபேக்காள்


செங்கல்பட்டு
18.11.2024

அன்புள்ள ரெபேக்காள்,

சந்திரம்மாவை மாற்றியது சரிதான். வட்டம் நமக்காகத்தான் இருக்கிறது.

உங்கள் வாக்குமூலத்தின் நகலைத் தீனதயாளனிடம் ஸ்டேஷனில் கொடுத்தார்கள். யார் மேலும் நடவடிக்கை வேண்டாம் என்று அவரும் எழுதிக் கொடுத்துவிட்டார், உங்கள் அண்ணனுக்கு இனித் தொல்லை வராது. அந்த நகலை லேமினேட் செய்து சட்டைப் பையில் வைத்திருக்கிறார். யாராவது ஒரு மாதிரி பார்த்தால் எடுத்துக் காட்டுகிறார். வீடியோ முழுதாக ஓயவில்லை. போன வாரம்கூட அவர் மைத்துனருக்கு எங்கிருந்தோ வந்திருக்கிறது. பால் வேன் வேலை திரும்பக் கிடைக்கவில்லை. இப்போது படூர்ப் பக்கம் அடுக்குமாடிகளுக்குத் தண்ணீர் லாரி ஓட்டுகிறார். இடது கையை முழுதாக மூட முடியவில்லை.

நேரில் வர நீங்கள் சம்மதித்த பிறகு, பத்தாம் தேதி கேளம்பாக்கத்தில் ஜெபாவுக்குச் செய்த சோதனையின் முடிவை எழுத்தில் கேட்டிருந்தீர்கள். நீங்களும் கலைவாணனும் இரண்டு பக்கமும் நின்றீர்கள், கடைக்காரர்கள் ஆறு பேருக்கும் முன்பே சொல்லியிருந்தோம். புது ஆளாக வந்தவர் வசந்தா, எங்கள் மையத்தில் படிக்கும் இன்னொரு பிள்ளையின் சித்தி. மூன்று முறை கூப்பிட்டார். முதல் முறை ஜெபா 'வேணாம்' என்று சொல்லி ஆறடி நடந்தாள், பிறகு திரும்பி வந்து "உங்க பேரு இன்னா?" என்று கேட்டாள். இரண்டாவது முறை நேராக உங்களிடம் வந்துவிட்டாள். மூன்றாவது முறையும் வந்துவிட்டாள், ஆனால் அழுதாள். அந்த ஆன்ட்டி கோபப்படுவாங்களா என்று கேட்டாள். கோபம் இல்லை என்று காட்ட வசந்தா தூரத்திலிருந்தே கை அசைத்தார். படிவத்தில் இந்த முறை எல்லாவற்றையும் எழுதியிருக்கிறேன், அழுததையும். கட்டம் போதாமல் பின்பக்கம் எழுதினேன்.

இனி ஒரு வேண்டுகோள். மோகனுக்குப் பன்னிரண்டு வயதாகிறது. வழி தெரியாமல் போனால் ஒரு தெரியாத ஆளிடம் போய்க் கேட்க அவன் பழக வேண்டும். ஜெபாவுக்கு நேர் எதிர்ப் பாடம். வகுப்பறையில் கேட்கிறான். திருப்போரூர் பஸ் நிலையத்தில், அவன் பார்த்திராத ஒருவர் நிற்க வேண்டும். யாரைக் கூப்பிடலாம் என்று தீனதயாளனிடம் கேட்டேன். "அந்தம்மா நிப்பாங்களா?" என்றார்.

ஏன் உங்களை என்று கேட்டேன். "ஒரு புள்ள மேல கண்ணு எடுக்காம நிக்கறவங்க அவங்கதான்" என்றார்.

விருப்பம் இல்லை என்றால் இதற்குப் பதில் எழுத வேண்டாம். புரிந்துகொள்வேன்.

துர்காதேவி


கோவளம்
06.01.2025

டீச்சர்,

நீங்க சனிக்கிழம ஆஸ்பத்திரில இருந்தீங்க, உங்க அசிஸ்டென்ட் தெய்வநாயகிதான் வந்தாங்க. உங்களுக்கு ஜுரம் எப்டி கீது? நான் நின்னத நானே எழுதணும்னு அவங்க சொன்னாங்க. ஆனா லெட்டர்லதான் எனக்கு வருது.

பத்து மணிக்குப் போனேன். கையெழுத்து ரெண்டு பேருதும் வாங்கிட்டீங்களான்னு மொதல்ல கேட்டேன். மோகனோட அம்மா கையெழுத்தக் காட்னாங்க. கடைக்காரங்ககிட்ட நானே போயி ஒவ்வொருத்தர்கிட்டயும் சொன்னேன், "அண்ணாத்த, ஒரு புள்ள என்கிட்ட வந்து பேசும், யாரும் கிட்ட வராதீங்க"ன்னு.

தீனதயாளன் டைம் கீப்பர் ரூம் பக்கத்துல நின்னுகினு இருந்தாரு. அந்த நாளுக்கு அப்புறம் நான் அவரப் பாக்கறது இதான் மொத தடவ. கண்ணுக்குக் கீழ தழும்பு கீது. நான் இன்னா பேசறதுன்னு பஸ்ல வரும்போது ஒத்திக பாத்துகினு வந்தேன். அவர் முன்னாடி போயி கைய மட்டும் கும்புட்டேன். அவர், "வந்தீங்களாம்மா"ன்னாரு. அப்புறம், "ஜெபா நல்லா கீதா?"ன்னாரு. நல்லா கீறான்னு சொன்னேன். "உங்கள கேப்பா"ன்னேன். அவ்ளோதான் பேசனோம். இன்னும் பேசணும். அன்னிக்கி முடியல.

செங்கல்பட்டு பஸ் நிக்கற எடத்துல போயி நின்னேன். மோகன் தூண் பக்கத்துல நின்னான். கைய ஆட்டிகினே இருந்தான். ஹாரன் அடிச்சா காதப் பொத்தனான். ரெண்டு தடவ என் பக்கம் வந்து, பாதில திரும்பிப் பூட்டான். எனக்கு, "வா கண்ணு"ன்னு கூப்டணும் போல வாய் வரைக்கும் வந்துச்சி. கூப்டக் கூடாதுன்னு சொல்லியிருந்தீங்க. பல்லக் கடிச்சிகினு நின்னேன். ஜெபா கூப்ட்டா போற புள்ள. இவன் கூப்ட்டா ஓடற புள்ள. ரெண்டுத்தயும் பெத்தவங்க எப்டி நிம்மதியா சோறு துண்றது சொல்லுங்க.

நாப்பத்தி மூணு நிமிசம் ஆச்சி. அப்புறம் வந்தான். என் மூஞ்சியப் பாக்கல. என் தோள்ல மாட்டியிருந்த பையப் பாத்துகினே கேட்டான். "செங்கல்பட்டு பஸ் எது?"

கொரல் சின்னதா இருந்துச்சி, ஆனா வார்த்த தெளிவா இருந்துச்சி. நான் சொன்னேன், "அதோ, பச்ச பஸ்." அவன் பச்ச பஸ்ஸப் பாத்து "தேங்க்ஸ்"னான். போயி ஏறிட்டான். தெய்வநாயகி பின்னாடியே ஏறி அவன் பக்கத்துல உக்காந்தாங்க.

அவன் தலையத் தொடல நான். தொட்டா பயப்படுவான்னு தெரியும்.

படிவத்த பூர்த்தி பண்ணி இதோட வெச்சிருக்கேன். கேட்டானா, கேட்டான். எவ்ளோ தூரத்துல நின்னான், ஒரு கை நீளம். யாராவது ஞாபகப்படுத்தனாங்களா, இல்ல. கடைசி கட்டத்துல 'தெரியாத ஆளாக நின்றவரின் குறிப்பு'ன்னு கீது. அதுல இன்னா எழுதறதுன்னு ரெண்டு நாளா யோசிச்சிகினு இருந்தேன். இப்டி எழுதியிருக்கேன், சரியான்னு பாருங்க.

பையன் வந்து என்கிட்ட பேசிகினு இருந்தான். அவங்கப்பா தூரத்துல நின்னு பாத்துகினு இருந்தாரு. சுத்தி ஐம்பது பேர் இருப்பாங்க. யாரும் ஓடி வரல.

ரெபேக்காள்